இரும்பு ஆகாத பாலை மரமும் நான் கேட்ட மேடையும்

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவில்லை. புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கிளினிக்கில் ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லை டாக்டர் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் விளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறையும் அதிர்ந்தது. நல்ல செய்திக்கு யாரும் மூன்று முறை கூப்பிடுவதில்லை என்பது என் அனுபவம்.

அழைத்தது முத்துப்பாண்டி. உசிலம்பட்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "அக்கா, நம்ம பாலை இலை கொட்டுதுக்கா" என்றார். பழுத்த இலை எப்போதும் நாலு விழும்தானே என்றேன். "பழுத்து விழுகலக்கா. பச்சையாவே விழுகுது. உச்சியில ரெண்டு கொப்பு காஞ்சே போச்சு. ஊருல எல்லாரும் ஒரு மாதிரி இருக்காக. நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா நல்லாருக்கும்."

புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் வில்லாபுரத்தில் இருக்கிறேன். ஆரப்பாளையம் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையைச் சுற்றியுள்ள பழைய மரங்களைப் போய்ப் பார்த்து, போகும் வழியை இங்கே எழுதுவேன். அவ்வளவுதான் என் தகுதி. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தப் பாலை மரத்தைப் பற்றி எழுதினேன். கடைசி வரியில், மரத்தடியில் உட்கார ஒரு மேடை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். கால் வலித்ததால் எழுதிய வாக்கியம் அது. முத்துப்பாண்டி அதை ஊரில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆடிக்குள் மேடை எழும்பிவிட்டது. டைல்ஸ் செலவுக்கு நானும் கொஞ்சம் கொடுத்தேன். 'உபயம்: மா. கவிதா, வில்லாபுரம்' என்று கருங்கல்லில் வெட்டிப் பதித்துப் படம் அனுப்பினார்கள். பார்த்துப் பூரித்துப்போய் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் படத்தை நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் என் தோழிக்கு அனுப்பினேன். அவள் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மேடைக்கு உள்ளே எத்தனை அடி மண் போட்டார்கள்?" என்று மட்டும் கேட்டாள். மூன்றடி என்றேன். "முதலில் போய் அடிமரத்தைப் பார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமை முழுவதும் இருந்தேன்.

ஞாயிறு காலை 5.50க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். பையில் தண்ணீர், உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய துண்டு, கிளினிக்கில் கழித்துவிட்ட ஒரு பல் குத்தும் ஊசி. பல்லைக் குத்திச் சொத்தை பார்ப்போமே, அந்தக் கொக்கி ஊசி. பட்டை அழுகியிருக்கிறதா என்று பார்க்க உதவும் என்று எடுத்து வைத்தேன். கேஸை அணைத்தேனா என்று பார்க்க இரண்டு முறை திரும்பிப் போனேன். வில்லாபுரத்திலிருந்து ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை, 35 நிமிடம். ஆரப்பாளையத்தில் டீயும் இரண்டு உளுந்த வடையும் 35 ரூபாய். வடை இறங்கவில்லை. ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டேன்.

6.55க்குத் தேனி பஸ். செக்கானூரணிக்கு 20 ரூபாய், பதினாறு கிலோமீட்டர் இருக்கும், 40 நிமிடத்தில் போய்விடும். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வைகையை ஒட்டிய கோச்சடைத் திருப்பங்கள், பிறகு நாகமலையின் நீண்ட முதுகு. வேறு நாளாக இருந்தால் படம் எடுத்துத் தள்ளியிருப்பேன்.

பஸ்ஸில் இருக்கும் நேரத்தில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பசுமை மாறாத ஓக் மரம் ஒன்று உண்டு. கெட்டியான மரம், மெதுவான வளர்ச்சி, வறட்சி தாங்கும், வருடம் முழுக்க இலை. ஒரு வாசகர் படம் அனுப்பி, நம் ஊரில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் அப்போது உலக்கைப் பாலையைப் பற்றி எழுதினேன். பாலை என்ற பெயரில் நம்மிடம் நாலைந்து மரங்கள் இருக்கின்றன. நான் சொல்வது உலக்கைக்கும் செக்குக்கும் ஆன அந்தக் கெட்டி மரம். தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டை கறுத்துச் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். இலைகள் கிளையின் நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். மேல்புறம் கரும்பச்சையில் பளபளப்பு, அடிப்புறம் வெளிறல். இலையின் நுனி கூராக இருக்காது. உள்ளே ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, யாரோ நகத்தால் கிள்ளி எடுத்தது போல இருக்கும். அடையாளம் காண இது ஒன்றே போதும். கார்த்திகை மார்கழி வாக்கில் வெளிர் வெள்ளையில் பொடிப் பூக்கள். சித்திரையிலிருந்து மஞ்சள் பழம், வேப்பம்பழம் அளவுதான். தின்றால் இனிப்பு, ஆனால் உதட்டோடு உதடு ஒட்டிக்கொள்ளும். எங்கே கீறினாலும் பால்.

நீங்கள் சப்போட்டா தின்னும்போது பாலைக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம். பண்ணைகளில் பாலைக் கன்றை வளர்த்து, அதன் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். வேர் அவ்வளவு உறுதி. ஆனால் அந்தக் கன்று வருவதற்குள் பொறுமை போய்விடும் என்பாள் என் தோழி. விதை முளைப்பதே தயங்கித் தயங்கி. முளைத்த பிறகும் முழங்கால் உயரத்துக்கு வர வருடங்கள் எடுத்துக்கொள்ளும். பெரிய மரத்தின் வயதை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அதே பருமனில்தான் இருக்கும். பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராது என்று அர்த்தம் இல்லை. பழையது ஒவ்வொன்றாக விழ, புதியது வந்துகொண்டே இருக்கும், மொட்டையாகும் நாள் மட்டும் வராது. நிழல் குறைந்து அதை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் முத்துப்பாண்டி சொன்னது என்னை இப்படிப் படுத்தியது.

செக்கானூரணியில் மினி பஸ்ஸுக்கு 25 நிமிடம் நிற்க வேண்டும், டிக்கெட் 10 ரூபாய், ஏழு கிலோமீட்டர். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து, "துட்டி வீட்டுக்காக்கா?" என்று கேட்டார். இல்லை, மரம் பார்க்க என்றேன். "அந்தப் பாலை மரமா? ஆமா, அது போச்சுன்னு பேசிக்கிறாக" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். மீதி வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

இறங்கிய இடத்திலிருந்து கண்மாய்க் கரை மேல் 1.2 கிலோமீட்டர் நடை. முந்தைய இரவு மழை பெய்து கரை வழுக்கியது. போன முறை கரை ஏறியதும் எதிரே ஒரு கறுத்த குடை போல அது தெரிந்தது. இந்த முறை ஏறி நின்று தேடினேன். மரம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதன் ஊடாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. கிளைகளை எண்ண முடிந்தது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முத்துப்பாண்டி எதிரே வந்து அழைத்துப்போனார். மரத்துக்கு நாற்பது அடி முன்னால் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், உடம்பில் உள்ள இரும்பையும் கழற்ற வேண்டும். மரத்தில் இருக்கும் பெண் தெய்வம் பாலையடியாளுக்கு இரும்பு ஆகாது. அரிவாள், கடப்பாரை மட்டும் இல்லை, சேலை ஊக்கு, கொண்டை ஊசி, சாவி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் அங்கே போகும்போது முந்தானையை முடிச்சுப் போட்டுத்தான் செருகியிருப்பார்கள். ஒடிந்து விழும் கிளையைக்கூட விறகுக்கு எடுக்காமல் அங்கேயே மக்க விடுவார்கள். நான் துப்பட்டாவின் ஊக்கைக் கழற்றிப் போட்டேன். பிறகு பையிலிருந்த பல் ஊசியையும் எடுத்துப் போட்டேன். இத்தனை கவனமாகக் கொண்டுவந்த ஒரே கருவி அது.

அங்கே முப்பது பேர் போல இருந்தார்கள். பூசாரி வீரணன், ஐம்பதைத் தாண்டியவர், மற்ற நாட்களில் மதுரையில் ஒரு அடுக்குமாடிக்குக் காவலாளி. அவர் வேட்டியை மடித்துக் கட்டி மேடை ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பேச்சி, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வெள்ளிதோறும் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றும் பெண்களில் முதல் ஆள். "வாங்க தாயி" என்றார் பூசாரி. குரலில் குறை எதுவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடை பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, மூன்றடி உயரம். சுற்றிலும் செங்கல் சுவர், அதன் மேல் விளிம்பில் கான்கிரீட் பட்டை, மேலே பூப்போட்ட டைல்ஸ். உள்ளே கண்மாயிலிருந்து எடுத்த கரம்பைக் களிமண்ணை மரத்தோடு அணைத்து நிரப்பியிருந்தார்கள். டைல்ஸ் மரத்தைத் தொடும் இடத்தில் சிமெண்டை வைத்து மெழுகியிருந்தது. பக்கத்தில் ஒரு சாண் இடுக்கு, மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு.

எனக்குத் தெரிந்த தொழிலில் சொல்கிறேன். பல் ஈறோடு சேரும் இடம் ஒன்று இருக்கிறது. மேலே எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் பல் ஆடிவிடும். மரத்துக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம். அது காற்றில் உலர்ந்து இருக்க வேண்டிய பட்டை. அதன் மேல் மூன்றடி ஈரக் களிமண்ணை இரண்டு வருடம் வைத்துவிட்டோம். கீழே வேருக்கும் மூச்சு இல்லை. நாம் வைத்துவிட்டோம் என்று எழுதுகிறேன், நான் கேட்டதால் அவர்கள் வைத்தார்கள் என்பதுதான் சரி.

"என்ன நோவு தாயி?" என்று பூசாரி கேட்டார். மேடைதான் காரணம், மேடையை எடுத்தாக வேண்டும் என்றேன்.

பேச்சிதான் முதலில் கேட்டார். "நீங்கதான எழுதுனீக மேடை வேணும்னு?"

"ஆமாம், தெரியாமல் எழுதிவிட்டேன்."

"எங்களுக்கு இங்க சொந்தமா ஒரு செங்கலு கெடையாதுக்கா. எங்க அப்பன் ஆத்தா எல்லாம் அடுத்தவுக காட்டுலதான் வேல பாத்தாக. பக்கத்து ஊரு பெரிய கோயில்ல நாங்க வெளியதான் நிப்போம். நாங்க காசு போட்டு, நாங்களே மண்ணு சொமந்து எங்க சாமிக்குக் கட்டுனது இது ஒண்ணுதான். தெறப்புக்கு அந்த ஊரு பெரிய ஆளுகள்லாம் வந்து கீழ நின்னு கும்புட்டுப் போனாக. இப்ப நாங்களே ஒடச்சா அவுக என்ன சொல்லுவாக?"

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட மன்னிப்பு எனக்கே சின்னதாகக் கேட்டது.

பூசாரி கையை உயர்த்தினார். "கட்டுறப்ப அவகிட்ட உத்தரவு கேட்டோம். ஒடைக்கவும் கேப்போம். பல்லி சொல்லட்டும்." அந்தப் பக்கங்களில் இது பழகிய முறை. மரத்தில் இருக்கும் பல்லி சத்தம் கொடுத்தால் சாமி சம்மதித்தது என்று பொருள். சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் காரியம் இல்லை. எல்லாரும் போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். மணி 10.20.

அந்த உட்கார்தலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். காற்று அடிக்கும்போதெல்லாம் மேலேயிருந்து இலைகள் வந்தன. ஒன்று என் மடியில் விழுந்தது. பச்சை இலை, நுனியில் அந்தக் கிள்ளிய பள்ளத்தோடு. பதினொன்றே கால். பன்னிரண்டு. பல்லி சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். சொல்லிவிட்டால், இவர்கள் உடைத்த பிறகும் மரம் பட்டுப்போனால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிடும். பல்லி சொல்லாமலே போனால் அந்தப் பழியிலிருந்து தப்பி 1.30 மினி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மணியைத் தாண்டியும் சத்தம் இல்லை. பூசாரி எழுந்து உடம்பை முறித்தார். "அவ சம்மதிக்கல தாயி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எழுந்து கடைசியாக ஒரு சுற்று மேடையைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், மேற்கு மூலையில் கான்கிரீட் பட்டையில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு சுவரில் வழிந்திருந்தது. மேலே குங்குமம் கொட்டி வழிந்தது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்கச் சின்னக் கறைகளைப் பார்த்து வயிறு வளர்ப்பவள் நான். விரலால் தேய்த்து மோந்தேன்.

"பூசாரி அண்ணே, இதற்குள் கம்பி இருக்கிறதா?"

"கம்பியா? என்ன தாயி பேசுறீக. கொத்தனாருக்குக் கரண்டியவே மரத்துல செஞ்சு குடுத்துல்ல கட்டுனோம்!"

"இது குங்குமம் இல்லை. துரு."

அவர் வந்து தேய்த்துப் பார்த்தார். பேச்சி வந்து பார்த்தார். பிறகு எல்லாருடைய பார்வையும், யாரும் சொல்லாமலே, முத்துப்பாண்டி மேல் போய் நின்றது. மேடைக்குச் சாமான் எல்லாம் ஏற்றி வந்தது அவருடைய ஆட்டோதான். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கொத்தனார்தான்ணே கேட்டாரு. கம்பி இல்லாம நாலு மழைக்கு நிக்காதுன்னு சொன்னாரு. எல்லாரும் சாப்புடப் போனப்ப வச்சு மூடிட்டோம். நல்லா நிக்கட்டும்னுதான்ணே... நம்ம கட்டுனது வெடிச்சுப் போச்சுன்னா அந்த ஊர்க்காரய்ங்க சிரிப்பாய்ங்களேன்னுதான்ணே..." துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அடிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் கை ஓங்கவில்லை. பேச்சி மட்டும் மெல்லக் கேட்டார், "ரெண்டு வருசமா அவ இடுப்புல இரும்பக் கட்டி வச்சுட்டா தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தோம்?"

பூசாரி அதன் பிறகு பல்லியைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லைக்கல்லுக்கு அப்பால் போய், ஒரு பெரிய கருங்கல்லை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். "தாயி, ஆத்தா, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு மேடையின் மூலையில் போட்டார். டைல்ஸ் உடைந்த சத்தத்தில் கொக்குகள் கண்மாயிலிருந்து எழுந்தன.

டிரில்லிங் மிஷின் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டதற்குப் பூசாரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். எல்லாமே கல்லாலும் கட்டையாலும்தான். ஆண்கள் கல்லைப் போட்டார்கள். பெண்கள் உடைந்த செங்கலை வரிசையாகக் கைமாற்றி வெளியே கொண்டுபோனார்கள். மண்ணைக் கொட்டாங்குச்சியாலும் பிளாஸ்டிக் கூடையாலும் அள்ளினோம். உபயக் கல் மூன்று துண்டாக வந்தது. நானே தூக்கிக்கொண்டு போய்க் குவியலில் போட்டேன். கம்பி வெளியே தெரிந்ததும் வேலை நின்றது. நான்கு பக்கமும் சுற்றி வளைத்து முடிச்சுப் போட்ட கம்பி. முத்துப்பாண்டி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, தனி ஆளாகவே அதை இழுத்து எடுத்து, கண்மாய்க் கரை தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, குளித்த ஈரத்தோடு திரும்பி வந்து மறுபடி மண் அள்ளினார்.

மாலை ஐந்து மணிக்கு அடிமரம் தெரிந்தது. மண்ணில் புளித்த வாடை. புதைந்திருந்த பட்டையிலிருந்து மேலே மூச்சுத் தேடிய மாதிரி பொடி வேர்கள் கிளம்பியிருந்தன. மரம் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. பட்டையின் வெடிப்புகள் எல்லாம் ஊறிக் கறுத்திருந்தன. உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, நகத்தால் லேசாகக் கீறுவது. பாலை என்றால் பால் வர வேண்டும்.

எனக்குத் தைரியம் வரவில்லை. பூசாரி கீறினார். மேற்கே கீறினார். ஈரமான பழுப்புத் தூள் நகத்தோடு வந்தது. பால் இல்லை. வடக்கே கீறினார். இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார், அல்லது நான் அவர் கையைப் பிடித்தேன். தெற்கே கீறினார். இல்லை. முத்துப்பாண்டி தரையில் தலையை வைத்துவிட்டார். பூசாரி கிழக்கே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கீறினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீறலின் கீழ் முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு. கடுகு அளவு. அது மெல்லப் பெருத்து, நின்று, வழியத் தொடங்கியது.

பெண்கள் குலவை போட்டார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல். பூசாரி அந்தப் பாலைத் தொடாமல், அதற்குக் கீழே மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

6.40 மினி பஸ், செக்கானூரணியில் 7.25க்கு மதுரை பஸ், 8.50க்கு வீடு. மொத்தப் பயணச் செலவு, டீ வடை உட்பட 95 ரூபாய். டப்பாவில் விட்ட பல் ஊசி இன்னும் அங்கேயே இருக்கிறது.

இப்போது பயணத்துக்கான குறிப்புகள். பழைய பதிவிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன், பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அங்கே நான் அனுப்பிய கூட்டம் போதும், மிதிபட்ட மண் இறுகிக் கிடக்கிறது. உலக்கைப் பாலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அழகர்கோயில் மலையடிவாரத்தில் தேடலாம். பழம் வேண்டுமென்றால் வைகாசியில் போங்கள், உதட்டைத் துடைக்கக் கொஞ்சம் எண்ணெய் கொண்டுபோங்கள். எந்த ஊர்க் கோயில் மரத்தடிக்குப் போனாலும் ஊக்கு, சாவி பற்றி முதலில் கேளுங்கள். மேடை கட்ட, டைல்ஸ் போட, விளக்கு மாட்டப் பணம் கொடுக்காதீர்கள். மரம் அடியில் விரிந்து தரைக்குள் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஏதோ தப்பு. உங்கள் தெருவில் இருக்கும் வேம்பை ஒரு முறை குனிந்து பாருங்கள். சிமெண்ட் ரோடு அதன் கழுத்தைப் பிடித்திருந்தால், ஆள் பிடித்து இரண்டடியாவது உடைக்கச் சொல்லுங்கள். என்னைப் போல அழகாக ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

மரம் பிழைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நாலில் ஒரு பக்கத்தில்தான் பால் வந்தது. அன்று மாலை அங்கிருந்தே போனில் கேட்டபோது என் தோழியும் உறுதி சொல்லவில்லை. வளர்வதற்கு எடுத்துக்கொள்வது போலவே சாவதற்கும் இந்த மரம் காலம் எடுத்துக்கொள்ளும் என்கிறாள். உள்ளே சேர்த்து வைத்த சத்து இருக்கும்வரை வெளியே இலை விட்டுக்கொண்டிருக்குமாம். அதனால் புது இலை வந்தாலும் நம்பக் கூடாது, விழுந்தாலும் கைவிடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் முத்துப்பாண்டி அனுப்பும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் வித்தியாசம் தெரிவதே இல்லை.

அன்று பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தோழி சொன்னதைப் பேச்சியிடம் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவர் உடைந்த செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஏறிய கரம்பையைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாள்ல தெரியுங்கறீக?"

"மூன்று வருடம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை தினமும் பயந்துகொண்டேதான் இருக்க வேண்டும்."

"இருப்போம்" என்றார் பேச்சி. "நாங்க எங்க போகப் போறோம்?"